1930 மே 16: மொராக்கோவின் 'பெர்பர் ஆணை' எதைப் பிரித்தது, எதைச் சேர்த்தது

கேள்வி இதுதான்: "மொராக்கோவில் 1930-இல் பிரெஞ்சு ஆட்சி பெர்பர் மக்களின் சொந்த வழக்கச் சட்டத்தை அங்கீகரித்து ஓர் ஆணை போட்டது. ஓர் இனத்தின் மரபை மதிப்பது நல்லதுதானே? அதை எதிர்த்துத்தான் மொராக்கோ தேசிய இயக்கமே பிறந்தது என்றால், அந்த இயக்கம் பெர்பர்களுக்கு எதிரான இயக்கம் என்று ஆகாதா?"

நியாயமான கேள்விதான். சட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன்னால் இருபது வருடக் கதை இருக்கிறது. பின்னால் எண்பது வருடக் கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் பெயர். 'பெர்பர்' என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை 'அமாஸிக்' என்கிறார்கள், பன்மையில் 'இமாஸிகன்'. சுதந்திர மனிதர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வடக்கே ரிஃப் மலை, நடுவில் மத்திய அட்லஸ், தெற்கே சூஸ் என்று மூன்று பெரிய வட்டாரங்கள், மூன்று பெரிய பேச்சு வகைகள். இவர்களை 'சிறுபான்மை' என்று சொல்வதே சரியில்லை. 1930-இல் நாட்டு மக்களில் மிகப் பெரிய பகுதியினரின் தாய்மொழி இவற்றில் ஒன்று. முராபித்துகள், முவஹ்ஹிதுகள், மரீனிகள் என்று மொராக்கோவை ஆண்ட பேரரச வம்சங்கள் அமாஸிக் வம்சங்களே. அரபு இலக்கணத்துக்கு உலகம் முழுக்க மதரஸாக்களில் படிக்கப்படும் 'ஆஜுர்ரூமிய்யா'வை எழுதிய இப்னு ஆஜுர்ரூம் ஃபெஸ் நகரத்து அமாஸிக் அறிஞர். அரபும் இஸ்லாமும் ஒரு பக்கம், பெர்பர் இன்னொரு பக்கம் என்று கோடு கிழிப்பது அங்கே அவ்வளவு எளிதல்ல.

அந்தக் கோட்டைக் கிழிக்கும் பழக்கம் அல்ஜீரியாவில் தொடங்கியது. அங்கே கபில்கள் என்ற அமாஸிக் மக்கள் வாழும் கபிலியா மலைகளைப் பிரெஞ்சுப் படை 1857-இல் பிடித்த பிறகு, 'கபில்கள் அரபுகளைப் போல அல்ல, பெயரளவுக்குத்தான் முஸ்லிம்கள், ஜனநாயக குணம் உள்ளவர்கள், சீக்கிரம் நம்மோடு கலந்துவிடுவார்கள்' என்ற ஒரு கற்பனை பிரெஞ்சு அதிகாரிகளிடமும் எழுத்தாளர்களிடமும் வளர்ந்தது. 1871-இல் அதே கபிலியா பெருங்கலகத்தில் எரிந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கற்பனை சாகவில்லை. 1912 மார்ச் 30-இல் ஃபெஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகி மொராக்கோ பிரெஞ்சுப் 'பாதுகாப்பு' நாடானபோது, கோப்புகளோடு கோப்பாக அதுவும் எல்லை தாண்டி வந்தது.

மொராக்கோவின் முதல் பிரெஞ்சு ரெசிடென்ட் ஜெனரல், அதாவது அங்கே பிரான்சின் தலைமை அதிகாரி, லியோத்தே. சுல்தானை அரியணையில் வைத்துக்கொண்டே, பழைய அரசு நிர்வாகமான மக்ஸனை மேலே பெயருக்கு விட்டுவிட்டு, உள்ளே இருந்து ஆளும் வித்தை தெரிந்தவர். 1914 செப்டம்பர் 11-இல் ஒரு தஹீர் வந்தது. தஹீர் என்றால் சுல்தானின் முத்திரையோடு வரும் அரசாணை. 'பெர்பர் வழக்கம் உள்ள குலங்கள் தங்கள் சொந்த வழக்கப்படியே நடத்தப்படும், அதிகாரிகள் மேற்பார்வை செய்வார்கள்' என்பது அதன் சாரம். அப்போது யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. மலைகளில் பாதிக்கு மேல் அன்று பிரெஞ்சுப் படை கால் வைத்திருக்கவே இல்லை. அந்த நவம்பரிலேயே மத்திய அட்லஸின் எல் ஹெர்ரியில் ஸயான் குலத்தார் ஒரு பிரெஞ்சுப் படையை மடக்கி 600 பேருக்கு மேல் கொன்றார்கள்.

இந்த 'வழக்கம்' என்பது என்ன? அமாஸிக்கில் 'இஸெர்ஃப்' என்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சண்டையில் ஈடுபட்ட இரு தரப்பாருமே இதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. ஊர்ப் பெரியவர்கள் கூடும் சபைக்கு 'ஜமாஆ' என்று பெயர். நம் ஊரில் ஜமாஅத் என்று சொல்கிறோமே, அதே அரபு வேர்ச்சொல். மேய்ச்சல் நிலம், தண்ணீர் முறை, திருட்டு, கொலை, மணமுறிவு எல்லாம் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. சிறை என்பது கிடையாது. அபராதம் உண்டு, இரத்த ஈட்டுப்பணம் உண்டு, கொலை செய்தவனை ஊரை விட்டு விலக்கி வைப்பது உண்டு. சாட்சி இல்லாத வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் தன் உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஒருவன் பொய் சொன்னால் அத்தனை பேர் மேலும் அந்தப் பாவம் விழும் என்ற பயம்தான் அதன் பலம்.

பெண்கள் விஷயத்தில் இந்த வழக்கம் ஊருக்கு ஊர் மாறுபட்டது. பல குலங்களில் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது. ஷரீஅத் கொடுக்கும் பங்குகூடக் கிடையாது. ஆனால் சூஸ் பகுதியில் 'தமஸ்ஸால்த்' என்று ஒன்று இருந்தது: திருமணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்த்த சொத்தில் மனைவியின் உழைப்புக்கு உரிய பங்கு அவளுடையது. இஸெர்ஃப் பிற்போக்கு என்று தள்ளியவர்களும், அது பழங்கால ஜனநாயகம் என்று கொண்டாடியவர்களும் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. தெற்கு மலைகளில் ஊர்ப் பொதுத் தானியக் கிடங்குகளுக்கு எழுதி வைத்த விதிகள் உள்ளன. அவற்றை எழுதியவர்கள் உள்ளூர் ஃபகீஹ்கள், அதாவது மதக் கல்வி பெற்றவர்கள். எழுதியது அரபியில். இஸ்லாம் தீண்டாத தூய பெர்பர் சட்டம் என்ற ஒன்று பிரெஞ்சு ஆய்வாளர்களின் மேசையில்தான் இருந்தது.

1920-களில் பிரெஞ்சு நோக்கம் வெளிப்படையாகிறது. 1921-இல் லியோத்தே அனுப்பிய ஒரு சுற்றறிக்கை, அரபு மொழி குர்ஆன் வழியாகக் கற்கப்படுவதால் அது இஸ்லாத்தைப் பரப்பும், ஆகவே பெர்பர்களை இஸ்லாத்தின் வட்டத்துக்கு வெளியே வளர்ப்பதே நம் நலன் என்று நேராகவே சொன்னது. 1924-இல் ஓர் அதிகாரிகள் குழு, நாட்டின் நீதி அமைப்பின் ஒற்றுமை உடைந்தால் தவறில்லை, பெர்பர் தரப்பை எதிர்ச்சுமையாகப் பலப்படுத்துவதே தேவை என்று பேசியது. பிரெஞ்சு மொழியும் பெர்பரும் மட்டும் போதும், அரபு வேண்டாம் என்ற எண்ணத்தில் மலைகளில் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1927-இல் அஸ்ரூ ஊரில் ஒரு கல்லூரி வந்தது. அந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இதே சமயத்தில் ரிஃப் மலையில் நடந்தது பிரெஞ்சுக் கற்பனைக்கு நேர் எதிரானது. 1921-இல் அன்வாலில் ஸ்பானியப் படையை நொறுக்கிய அப்துல் கரீம் அல்-கத்தாபி ஓர் அமாஸிக். அவர் அமைத்த ரிஃப் குடியரசில் பழிக்குப் பழி வாங்கும் குலவழக்கத்தை ஒடுக்கி, ஷரீஅத் நீதிமன்றங்களை வைத்தார். ஓர் அமாஸிக் தலைவர் தன் மக்களை ஒன்றுபடுத்தத் தேர்ந்தெடுத்த சட்டம் அது. பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து பெரும் படை இறக்கி 1926-இல்தான் அவரை அடக்க முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் அவர் ரீயூனியன் தீவில் நாடு கடத்தப்பட்டு இருந்தார்.

சரி, இப்போது 1930. ரெசிடென்ட் ஜெனரல் லூசியன் சென். சுல்தான் சீதி முஹம்மத் பின் யூசுஃப், பிற்காலத்தில் ஐந்தாம் முஹம்மத் என்று அறியப்பட்டவர். பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்து இரண்டரை வருடம்தான் ஆகிறது, இருபது வயது. மே 16-இல் அவர் முத்திரையோடு புதிய தஹீர் வெளியானது. அதன் உண்மையான பெயர் நீளமானது: ஷரீஅத் நீதிமன்றங்கள் இல்லாத பெர்பர் வழக்கக் குலங்களில் நீதி நடைமுறையை ஒழுங்குபடுத்தும் தஹீர். மொத்தம் எட்டுப் பிரிவுகள். சிறு குற்றங்களைக் குலத் தலைவர் விசாரிப்பார். சிவில், வணிக, குடும்ப, வாரிசு வழக்குகள் வழக்க நீதிமன்றங்களுக்குப் போகும். மேல்முறையீட்டுக்கும் ஒரு வழக்க நீதிமன்றம். மேல்முறையீட்டு மன்றத்தில் பிரெஞ்சு மேற்பார்வையின் கை இருக்கும்.

விவகாரமே ஆறாம் பிரிவில்தான். பெர்பர் நிலத்தில் நடக்கும் கொடுங்குற்றங்களைக் குற்றவாளி யாராக இருந்தாலும் பிரெஞ்சு நீதிமன்றமே விசாரிக்கும் என்றது அது. அதாவது சுல்தானின் பெயரால் இயங்கிய உயர் நீதிமன்றத்துக்கு நாட்டின் பெரும் நிலப்பரப்பில் வேலையே இல்லை. ஏழாம் பிரிவு நிலத்தைத் தொட்டது. நிலவழக்கில் ஒரு தரப்பு பிரெஞ்சு நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டவராக இருந்தால், அதாவது நடைமுறையில் ஓர் ஐரோப்பியக் குடியேறியாக இருந்தால், வழக்கு பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போகும். கேள்வி கேட்டவர் 'மரபை மதிப்பது நல்லதுதானே' என்றார் அல்லவா? இந்த இரு பிரிவுகளையும் படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள். இஸெர்ஃபில் கொலைக்கு ஈட்டுப்பணமும் ஊர்விலக்கும்தான் தீர்வு. அதைப் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்திடம் கொடுத்த ஆணை, பெர்பர் மரபை எந்த இடத்தில் மதித்தது? மரபு என்ற பெயரில் சுல்தானின் அதிகாரம் வெட்டப்பட்டது. வெட்டிய துண்டு பிரான்சின் கைக்குப் போனது. அதனால்தான் இதை ஓர் இனத்துக்குக் கிடைத்த நன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்ப்பு சலே நகரில் தொடங்கியது. தலைநகர் ரபாத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பழைய ஊர். அப்துல் லத்தீஃப் ஸ்பீஹி என்ற இளைஞர் நிர்வாகத்திலேயே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆணையின் பொருள் என்ன என்று நண்பர்களுக்கும் ஊராருக்கும் விளக்கியவர் அவர். கட்சி கிடையாது, கூட்டம் போட அனுமதி கிடையாது, சுதந்திரமான அரபுப் பத்திரிகை கிடையாது. எதை வைத்து எதிர்ப்பது? பள்ளிவாசல் இருந்தது. அங்கே ஒரு பழைய பழக்கமும் இருந்தது. மழை பொய்த்தால், கொள்ளைநோய் வந்தால், ஊர் கூடி 'யா லத்தீஃப்' என்று திரும்பத் திரும்ப ஓதும். இறைவனின் தொண்ணூற்றொன்பது பெயர்களில் ஒன்று அது. மென்மையாக அருள்பவன் என்று சொல்லலாம். நம் ஊரிலும் லத்தீஃப் என்ற பெயர் பழக்கமானதுதான். ஜூன் 27, வெள்ளிக்கிழமை, சலே பெரிய பள்ளிவாசலில் அந்த லத்தீஃப் ஓதப்பட்டது. கூடவே ஒரு வரி சேர்ந்தது: "விதி கொண்டுவந்ததில் உன் மென்மையை வேண்டுகிறோம், எங்களையும் எங்கள் பெர்பர் சகோதரர்களையும் பிரித்துவிடாதே."

இந்த வரி ரபாத், ஃபெஸ், மராகேஷ் என்று ஊர் ஊராகப் பரவியது. ஓதுபவனைக் கைது செய்தால் தொழுகையைத் தடுத்த பழி வரும். விட்டால் அடுத்த வெள்ளி இன்னும் பெரிய கூட்டம் வரும். ஃபெஸில் கரவிய்யீன் பள்ளிவாசலில் இருந்து மக்கள் தெருவில் இறங்கியபோது நகரத்தின் ஆளுநரான பாஷா கைதுகளும் கசையடிகளும் கட்டளையிட்டார். அடி வாங்கியவர்களில் ஒருவர் பாரிஸில் படித்துவிட்டு வந்த முஹம்மத் ஹசன் அல்-வஸ்ஸானி. கைதானவர்களில் ஒருவர் கரவிய்யீன் கல்விக்கூடத்து மாணவர் அல்லால் அல்-ஃபாஸி. இருவருக்கும் அப்போது இருபது வயது. முத்திரை போட்ட சுல்தானுக்கும் அதே வயது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். லத்தீஃபை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சுல்தான் பெயரிலேயே ஒரு கடிதம் பள்ளிவாசல்களில் வாசிக்கப்பட்டது. பதினாலு வருடம் கழித்து இதே தலைமுறை சுதந்திர அறிக்கையோடு அவர் முன்னால் நிற்கும், அவரும் அவர்கள் பக்கம் சாய்வார்.

வெளிநாட்டில் இதைப் பெரிதாக்கியவர் லெபனானில் ட்ரூஸ் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த பிரபு ஷகீப் அர்ஸலான். ஜெனீவாவில் இருந்தவர், அந்த ஆகஸ்டில் தாஞ்சியர், தெத்துவான் வந்து இளைஞர்களைச் சந்தித்தார். கெய்ரோ பத்திரிகைகள் எழுதின. இந்தியா, ஜாவா வரை கண்டனக் குரல் போனது. ஆனால் அங்கே செய்தி உருமாறியது. 'பிரான்ஸ் பல லட்சம் பெர்பர்களைக் கிறிஸ்தவர்களாக்கச் சட்டம் போட்டுவிட்டது' என்று ஆனது. சட்டத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. அதே மே மாதம் துனிசியாவின் கார்த்தேஜில் கத்தோலிக்கர்களின் உலக நற்கருணை மாநாடு பெரும் ஆடம்பரத்தோடு நடந்தது. அல்ஜியர்ஸைப் பிடித்த நூற்றாண்டை பிரான்ஸ் அந்த வருடம் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஃபெஸ் நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் இரண்டு வருடம் முன்னால்தான் ஞானஸ்நானம் பெற்று ஃபிரான்சிஸ்கன் துறவியாகும் வழிக்குப் போயிருந்தார். இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்த மனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 'பெர்பர் சகோதரர்கள்' என்று நகரம் ஓதியதே, அந்தச் சகோதரர்களை யார் கேட்டார்கள்? சலே, ஃபெஸ், ரபாத் வீடுகளில் நடந்த ஆலோசனைகளில் மலைக்காரர்களின் குரல் அரிதாகவே ஒலித்தது. அவர்கள் அப்போது வேறு வேலையில் இருந்தார்கள்: துப்பாக்கியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1933 பிப்ரவரி, மார்ச்சில் தெற்கே ஸக்ரோ மலையின் பூகாஃபெர் முகட்டில் ஆயித் அத்தா குலத்தார் அஸ்ஸூ ஊபஸ்லாம் தலைமையில் பெண்களும் குழந்தைகளும் ஆடுமாடுகளுமாகப் பதுங்கி, பீரங்கிக்கும் விமானக் குண்டுக்கும் முன்னால் நாற்பது நாள் தாக்குப்பிடித்தார்கள். பிரான்சின் புகழ்பெற்ற கேப்டன் பூர்னாஸெல் அங்கேதான் செத்தார். தண்ணீரும் உயிரும் தீர்ந்த பிறகு அஸ்ஸூ பேச்சுவார்த்தைக்கு இறங்கினார். அப்போது வைத்த நிபந்தனைகளில் இரண்டு: மராகேஷ் பாஷா கிளாவியின் ஆட்சிக்குக் கீழே எங்களைத் தள்ளக் கூடாது, எங்கள் வழக்கச் சட்டம் தொடர வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிரான்சோடு கடைசிவரை போரிட்டவனும் இஸெர்ஃபைத்தான் கேட்டான். இஸெர்ஃப் பிரெஞ்சுச் சூழ்ச்சியில் பிறந்ததல்ல. அவன் பாட்டன் காலத்துச் சொத்து. அதைப் பிரான்ஸ் தன் கருவியாக்கியது ஒரு குற்றம். கருவியாக்கப்பட்டதால் அந்தச் சொத்தே சந்தேகத்துக்குரியதாக ஆனது இன்னொரு இழப்பு. முதலாவதைப் பற்றி எல்லாப் பாடப்புத்தகமும் பேசும். இரண்டாவதைப் பற்றி ரொம்ப நாள் யாரும் பேசவில்லை.

பிரான்ஸ் பாதியில் பின்வாங்கியது. 1934 ஏப்ரல் 8-இல் வந்த இன்னொரு தஹீர், கொடுங்குற்ற விசாரணையைச் சுல்தானின் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியது. வழக்க நீதிமன்றங்கள் மட்டும் சுதந்திரம் வரை இருந்தன. அதற்குள் எதிர்ப்புக்குக் கைகால் முளைத்துவிட்டது. 1932-இல் பாரிஸில் ஒரு பத்திரிகை, 1933-இல் ஃபெஸில் அல்-வஸ்ஸானியின் பிரெஞ்சுமொழிப் பத்திரிகை, அதே நவம்பர் 18-இல் சுல்தான் பட்டமேறிய நாளை முதல் தடவையாக 'அரியணை நாள்' என்று கொண்டாடியது, 1934 மே மாதம் சுல்தான் ஃபெஸுக்கு வந்தபோது 'மன்னர் வாழ்க' என்று கூட்டம் கத்தியதில் பிரெஞ்சு அதிகாரிகள் மிரண்டது, டிசம்பரில் தேசியவாதிகளின் மொராக்கோ செயற்குழு கொடுத்த சீர்திருத்தத் திட்டம் என்று வரிசையாக நடந்தது. நாட்டுக்கு ஒரே நீதி அமைப்பு, அரபுக் கல்வி ஆகியவை அந்தத் திட்டத்தின் முக்கியக் கோரிக்கைகள். அமாஸிக் மொழிக்கு அதில் இடம் இல்லை. அதைப் பேசினாலே பிரான்சின் பேச்சு என்று ஆகிவிட்ட காலம்.

இப்போது அஸ்ரூவுக்கு வருகிறேன். அரபிலிருந்து தள்ளி வைத்து, பிரான்சுக்கு விசுவாசமான அமாஸிக் அதிகாரிகளை உருவாக்கக் கட்டிய கல்லூரி அது. அங்கே படித்த பையன்கள் அரபு கற்றுத் தரச் சொல்லிக் கேட்டார்கள். 1944 ஜனவரி 11-இல் வெளியான சுதந்திர அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான அப்துல் ஹமீத் ஸம்மூரி அஸ்ரூவில் படித்தவர். அறிக்கைக்குப் பிறகு நடந்த கைதுகளை எதிர்த்து அந்த மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சூஸ் பக்கம் முக்தார் ஸூஸி என்ற அமாஸிக் அறிஞர் மராகேஷில் அரபியும் மார்க்கமும் தேசப்பற்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்; 1937-இல் அவரைச் சொந்தக் கிராமத்துக்கு நாடு கடத்தினார்கள். அங்கே உட்கார்ந்து தன் மலைநாட்டு அறிஞர்களின் வரலாற்றை இருபது பாகமாக எழுதினார்.

1953 ஆகஸ்ட் 20-இல் பிரான்ஸ் சுல்தானைத் தூக்கி நாடு கடத்தியபோது கிளாவியை முன்னே நிறுத்தியது, அவரும் அமாஸிக்தான். பெர்பர் குலங்கள் சுல்தானை வெறுக்கின்றன என்று உலகத்துக்குக் காட்டினார்கள். 1955 அக்டோபரில் விடுதலைப் படை ரிஃபிலும் மத்திய அட்லஸிலும் போரைத் தொடங்கியது. துப்பாக்கி எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மலைகளின் அமாஸிக் ஆண்கள். அடுத்த மாதம் சுல்தான் திரும்பினார். 1956 மார்ச் 2-இல் சுதந்திரம். 'தேசிய இயக்கம் பெர்பர்களுக்கு எதிரானதா' என்ற கேள்விக்கு இந்த மூன்று வருடமே பதில் சொல்கிறது. அவர்கள் இல்லாமல் அந்தச் சுதந்திரம் இல்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். 1956-லேயே வழக்க நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. பள்ளியும் நீதிமன்றமும் அரபிமயமாயின. மலையிலிருந்து வந்த கிழவி நீதிபதி முன்னால் தன் மொழியில் பேச முடியாமல் போனது. அமாஸிக் மொழியைக் கேட்டவர்களைப் பார்த்து 'பெர்பர் தஹீரின் வாரிசுகள்' என்று சொல்லும் வழக்கம் வந்தது. 1994 மே தின ஊர்வலத்தில் அமாஸிக் எழுத்தில் பதாகை பிடித்த, கூல்மிமா ஊர் ஆசிரியர்கள் சிறைக்குப் போனார்கள். 2001-இல் மன்னர் ஆறாம் முஹம்மத் அமாஸிக் பண்பாட்டு நிறுவனத்தை அறிவித்தார். அதன் முதல் தலைவர் முஹம்மத் ஷஃபீக், அஸ்ரூ கல்லூரியின் பழைய மாணவர். 2003-இல் அமாஸிக் மொழியின் திஃபினாக் எழுத்து பள்ளிக்கு வந்தது. 2011 அரசியல் சாசனத்தின் ஐந்தாம் பிரிவு அமாஸிக்கையும் ஆட்சிமொழி ஆக்கியது.

1930 ஆணைக்கு 'பெர்பர் தஹீர்' என்ற பெயரே எதிராளிகள் வைத்தது. அப்படி ஓர் ஆணை இருந்ததே இல்லை, அது அரசியல் புனைவு என்று இன்றைய அமாஸிக் ஆர்வலர்கள் சிலர் எழுதுகிறார்கள். அவர்களுடைய கோபம் புரிகிறது. எழுபது வருடமாக அந்தப் பெயரை வைத்துத்தான் அவர்களுடைய வாய் அடைக்கப்பட்டது. ஆனால் ஆறாம் பிரிவு இருந்தது, ஃபெஸில் விழுந்த கசையடியும் உண்மை. மொராக்கோ நண்பர்களோடு இதைப் பேச நேர்ந்தால் நான் '1930 மே 16 தஹீர்' என்று தேதியைத்தான் சொல்வேன். கேட்பவர் அரபு பேசினாலும் அமாஸிக் மொழியான தமாஸிக்த் பேசினாலும், அடுத்த வார்த்தையை அவர் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம்.